அழைப்பு ஒருவருக்கு, விலை யாருக்கு?

1970 வாக்கில் மலேசியத் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஆசிரியர் வேலை என்பது பெரிய பிடிமானம். பால்மரக் காட்டிலிருந்து வெளியேற இருந்த சில வாசல்களில் அது ஒன்று. மாதச் சம்பளம், ஓய்வூதியம், ஊர் மரியாதை மூன்றும் சேர்ந்தே வரும். சுங்கை பட்டாணியில் ரப்பர் தோட்டச் சூழலில் வளர்ந்த ஐரின் பெர்னாண்டஸ் அந்த வேலையில் சேர்ந்து, இருபதுகளின் நடுவிலேயே அதை உதறினார். கத்தோலிக்க இளம் தொழிலாளர் இயக்கத்தின் முழுநேர அமைப்பாளரானார். பெல்ஜியக் குருவானவர் ஜோசப் கார்டின் தொழிற்சாலை இளைஞர்களுக்காக 1920களில் உருவாக்கிய இயக்கம் அது. நிலைமையைக் கண்ணால் பார், நற்செய்தியை வைத்து எடைபோடு, பிறகு காரியத்தில் இறங்கு. அதன் பாடத்திட்டம் இவ்வளவுதான்.

கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஒருவர் இப்படிக் கிளம்புவதைக் கிறிஸ்தவர்கள் அழைப்பு என்பார்கள். அதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் எல்லாச் சபைகளும் போதிக்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் 1924இல் எழும்பிய சீயோன் லுத்தரன் ஆலயமும் போதிக்கிறது, புறநகர்க் கடைவீட்டு மாடியில் நாற்காலி போட்டு நடக்கும் சிறிய ஜெபக்கூட்டமும் போதிக்கிறது.

இது கிறிஸ்தவர்களின் உள்வீட்டு விவகாரம் என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் 86.2 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். எண்ணிக்கை சிறியது. ஆனாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் சொந்தபந்தங்களை எண்ணிப் பார்த்தால், சபைக்குப் போகும் ஒரு சித்தப்பாவோ, ஞானஸ்நானம் எடுத்த ஓர் அண்ணியோ இல்லாத தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இருக்காது. அவர்கள் எடுத்த முடிவின் எதிரொலி தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் சாவு வீட்டுக்கும் வந்து சேர்கிறது.

சீடனாவதற்கு விலை உண்டு என்பதில் தகராறு இல்லை. அதை யார் கட்டுகிறார் என்று மட்டும் யாரும் அதிகம் கேட்பதில்லை. கடன் வாங்கியவர் ஒருவராக இருக்க, ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சான் மாதாமாதம் தவணை கட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். பக்தியிலும் அப்படி நடக்கிறது. சாட்சி சொல்லி மேடையில் கைத்தட்டு வாங்குபவர் ஒருவர். அதற்கான தவணையைச் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருப்பவர் அவருடைய தாயாகவோ மனைவியாகவோ பிள்ளையாகவோ இருக்கிறார்.

வேதாகமமே இந்தக் கணக்கில் இரண்டு பக்கமும் எழுதி வைத்திருக்கிறது. லூக்கா 14ஆம் அதிகாரம் ஒரு பக்கம். தகப்பன், தாய், மனைவி, பிள்ளைகள், தன் உயிர் என எல்லாவற்றையும் வெறுக்காதவன் சீடனாக இருக்க முடியாது என்று இயேசு அங்கே சொல்கிறார். உபவாச ஜெபங்களிலும் வாலிபர் முகாம்களிலும் இந்தப் பகுதி ஓங்கி ஒலிக்கும். மாற்கு 7ஆம் அதிகாரம் இன்னொரு பக்கம். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக நேர்ந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் அன்று இருந்தது. அப்படிப்பட்ட காணிக்கைக்குக் கொர்பான் என்று பெயர். அதைச் செய்பவர்களை இயேசு அங்கே கடுமையாகச் சாடுகிறார். கடவுளின் பெயரால் தாயைக் கைவிடுவது கடவுள் கட்டளையையே மீறுவது என்பது அவருடைய வாதம். இந்தப் பகுதியில் பிரசங்கம் கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

பேதுருவின் கதையும் அப்படித்தான். வலையைப் போட்டுவிட்டுப் பின்னால் போனவர் என்பது எல்லாருக்கும் தெரியும். மாற்கு நற்செய்தியின் அதே முதல் அதிகாரத்தில், காய்ச்சலாய்க் கிடந்த பேதுருவின் மாமியாரைப் பார்க்க இயேசு அந்த வீட்டுக்குப் போகிறார். பிற்காலத்தில் பேதுரு மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு பயணம் செய்ததைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் குறிப்பிடுகிறது. சிலுவையில் தொங்கும் நேரத்திலும் தன் தாயை ஒரு சீடன் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டே இயேசு போகிறார் என்பது யோவான் தரும் செய்தி. வலையை விட்டவர்கள் வீட்டை அநாதையாக விட்டதாக எங்கும் இல்லை.

இங்கே நடப்பதைப் பார்ப்போம். மூத்த மகன் ஞானஸ்நானம் எடுக்கிறான். வீட்டுச் சாமி மேடைக்கு முன்னால் நிற்க மாட்டேன் என்கிறான். அது அவன் உரிமை, அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு தரும் உரிமை. பிறகு பொங்கல் பானைப் பக்கம் வருவதில்லை, தங்கை கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது மண்டபத்துக்கு வெளியே நிற்கிறான். ஒருநாள் அப்பா இறக்கிறார். கொள்ளி வைக்க மாட்டேன் என்கிறான். கருமாதிக்கு வரமாட்டேன் என்கிறான். விசுவாசத்தில் உறுதியாக நின்றார் சகோதரர் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பாராட்டு. அவன் அன்று இழந்தது என்ன? சொந்தங்களின் கோபம் கொஞ்சம். அம்மா இழந்தது, புருஷன் காரியத்தில் மூத்த மகன் நின்றான் என்ற ஆறுதலை. அது அவருக்குத் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவும் இல்லை.

எல்லாவற்றையும் துறந்தவர் என்று தமிழர்கள் கொண்டாடும் பட்டினத்தார், தாய் இறந்தபோது வந்து நின்று தகனம் செய்ததாகத்தான் கதை.  காதறுந்த ஊசியும் கடைவழிக்கு வராது என்று வீட்டை விட்டவரை அம்மாவின் சிதைக்கு முன் நிறுத்திய சமூகம் இது. சடங்கில் பங்கேற்க மனச்சாட்சி இடம் தராத ஒருவர், பாடையைத் தோள்கொடுத்துச் சுமக்கலாம். சமையலுக்கு அரிசி மூட்டை இறக்கலாம், பதினாறு நாளும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அப்படிச் செய்யும் கிறிஸ்தவப் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் உண்டு. அவர்கள் பெயர் சாட்சி மேடையில் வருவதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மதம் மாறினாள் என்பதற்காக மகளை வீட்டை விட்டு அனுப்பிய பெற்றோர் இருக்கிறார்கள். பைபிளைக் கிழித்து எறிந்த கணவர்கள் இருக்கிறார்கள். சொத்துப் பிரிப்பில் பெயரே இல்லாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அங்கே விலை கட்டுபவர் சீடரேதான். அந்த அடியை வாங்கியும் பெற்றவர்களின் மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டப் போகும் மகளின் விசுவாசத்தை, எந்த மதத்தவரும் மதிக்காமல் இருக்க முடியாது.

தமிழ் நிலத்தில் இந்தக் கணக்குக்குப் பழைய சாட்சி தேவசகாயம். நட்டாலத்தில் 1712இல் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அதிகாரியாக இருந்தவர். டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749இல் கைதானார். சிறையும் அவமானமுமாக மூன்றாண்டுகள் கழிந்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். புனிதர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர் அவர். பதவி, அந்தஸ்து, சாதி மேன்மை, உயிர் என எல்லாம் அவர் கணக்கிலிருந்தே போயின. கூடவே அவர் மனைவி ஞானப்பூ சொந்த ஊரை விட்டு வடக்கன்குளத்தில் வாழ வேண்டியதாயிற்று.

அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் என்ன நடந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. மேல்சாதிக் கிறிஸ்தவர்களும் மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஜெபிக்க வசதியாக, ஆலயத்துக்குள்ளேயே நடுவில் சுவர் வைத்தார்கள். 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. சாதியை விடுவதும் சீடத்துவத்தின் விலையில் அடங்கும். மேல்சாதிக்காரர்கள் அதைக் கட்ட மறுத்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் தலையில் அது விழுந்தது. மலாயாவுக்குக் கப்பலேறி வந்த கிறிஸ்தவர்களோடு சாதியும் ஏறி வந்தது. கல்யாணப் பேச்சு எடுக்கும்போது சில கிறிஸ்தவ வீடுகளில் இன்னமும் அது எட்டிப் பார்க்கிறது.

இந்த விலையைப் பற்றி 20ஆம் நூற்றாண்டில் மிக அதிகம் பேசப்பட்ட நூலை எழுதியவர் ஜெர்மானிய லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோபர். 1937இல் வெளிவந்த அந்த நூலில், தமக்கு எந்தச் செலவும் வைக்காத பக்தியை மலிவான கிருபை என்று அவர் அழைத்தார். மன்னிப்பு உண்டு, மனமாற்றம் இல்லை. ஞானஸ்நானம் உண்டு, சபை ஒழுங்கு இல்லை. அப்படிப்பட்ட கிறிஸ்தவம் ஹிட்லருக்கு வசதியாக இருந்ததை அவர் நேரில் கண்டார். 1939 ஜூன் மாதம் நியூயார்க்கில் பாதுகாப்பான இடம் கிடைத்தும், சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பினார். தன் மக்களின் சோதனைக் காலத்தில் உடன் இல்லாதவனுக்கு, போருக்குப் பிறகு அவர்களைக் கட்டியெழுப்பும் உரிமை இல்லை என்பது அவர் சொன்ன காரணம். 1943 ஏப்ரலில் கைதானார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். வயது 39. அவர் தொடங்கி வைத்த கணக்கில், நிச்சயம் செய்யப்பட்டிருந்த பெண்ணும், பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்த வயதான பெற்றோரும் தங்கள் பங்கைச் செலுத்தினார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து போன்ஹோபர் வெகுதூரம். செமினி தூரமில்லை. அங்கிருந்த குடிநுழைவுத் தடுப்பு முகாமில், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் டைபாய்டு, பெரிபெரி போன்ற தடுக்கக்கூடிய நோய்களால் செத்துக்கொண்டிருந்த செய்தி 1995இல் வெளியே வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசிகள், முஸ்லிம்கள். அவர்களுக்காகப் பேச எழுந்தவர், முதல் பத்தியில் ஆசிரியர் வேலையை விட்ட அதே ஐரின். 1991இல் அவர் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு, 300க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேசி, முகாம்களில் நடக்கும் அடி உதை, பட்டினி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது.

பொய்ச் செய்தியைத் தீய நோக்கத்துடன் வெளியிட்டார் என்று 1996 மார்ச்சில் அவர் மீது வழக்குப் பாய்ந்தது. முகாம்களை நடத்தியவர்களை விட்டுவிட்டு, அங்கே நடந்ததைச் சொன்னவரைக் கூண்டில் ஏற்றினார்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மட்டும் அந்த வழக்கு ஏழாண்டுகள் இழுத்தது. 2003 அக்டோபர் 16 அன்று 12 மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டுக்காக ஜாமீனில் வெளியே இருந்தாலும், கடப்பிதழ் நீதிமன்றத்தின் கையில் இருந்தது. தண்டனை காரணமாக 2004 பொதுத்தேர்தலில் நிற்க முடியவில்லை. 2005இல் மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2008 நவம்பர் 24 அன்றுதான் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. கைதான நாளிலிருந்து கணக்கிட்டால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல். 2014 மார்ச் 31 அன்று செர்டாங் மருத்துவமனையில், 67 வயதில், காலமானார்.

தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கும் பெண்களுக்காகவும் தெனாகானித்தா நெடுங்காலம் வேலை செய்திருக்கிறது. களைக்கொல்லி டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு, முகமூடியோ கையுறையோ ஒழுங்காக இல்லாமல், பாராகுவாட் அடித்த அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். மூக்கில் இரத்தம் வடிவதும் நகம் கழல்வதும் கண் எரிவதும் அவர்களுக்குத் தினசரிச் சமாச்சாரம். அவர்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று பார்த்து அந்த வேலை நடக்கவில்லை. சபைக்கு ஆள் சேர்ப்பதும் அதன் நோக்கமாக இல்லை. ஐரின் விட்டது தன் சம்பளத்தை. ஆபத்தில் வைத்தது தன் சுதந்திரத்தை. அதனால் பயன்பெற்றவர்கள் அவருக்குச் சொந்தமும் இல்லை, ஒரே மதமும் இல்லை. சீடத்துவத்தின் விலை சரியான கையிலிருந்து சரியான இடத்துக்குப் போனதற்கு, கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

எல்லா நேரமும் கணக்கு இவ்வளவு நேராக அமையாது. சிபில் கார்த்திகேசுவை எடுத்துக்கொள்ளுங்கள். மேடானில் 1899இல் பிறந்த யுரேசியப் பெண், மருத்துவச்சி, தீவிரக் கத்தோலிக்கர். 1919இல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் ஆலயத்தில் தமிழ் மருத்துவர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்தார். ஜப்பானியர் படையெடுத்ததும் ஈப்போவை விட்டுப் பக்கத்துச் சிற்றூரான பாப்பானுக்குக் குடும்பம் நகர்ந்தது. இரவில் காட்டிலிருந்து வரும் கெரில்லாக்களுக்கு அங்கே அவர் குண்டுக் காயம் கழுவிக் கட்டுப்போட்டார். ஒளித்து வைத்த வானொலியில் பிபிசி கேட்டுச் செய்தி சொன்னார். கடவுள் இல்லை என்ற கம்யூனிஸ்டுகளுக்கு, ஜெபமாலையை விடாத பெண் மருந்து கொடுத்தார்.

1943இல் ஜப்பானிய இராணுவப் போலீஸான கெம்பெத்தாய் அவரைப் பிடித்தது. பெயர்களைச் சொல்ல வைப்பதற்காகச் சித்திரவதை செய்தார்கள். அதற்கும் மசியாதபோது, சிறுமியான இளைய மகளை அவர் கண்முன் மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினார்கள். சிபில் பெயர்களைச் சொல்லவில்லை. குழந்தை பிழைத்தது. போர் முடிந்து விடுதலையான சிபில் சிகிச்சைக்காக பிரிட்டன் சென்றார், ஜார்ஜ் பதக்கம் பெற்றார். பூட்ஸ் காலால் உதைபட்ட தாடையின் பழைய காயம் முற்றி, 1948 ஜூன் 12 அன்று இறந்தார். ஈப்போவில் இன்று அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்கும் தமிழ் வாசகருக்குச் சிறுத்தொண்டர் நினைவு வராமல் இருக்காது. சிவனடியாரின் விருந்துக்காகப் பெற்ற பிள்ளை சீராளனையே கறி சமைத்தவர். பக்திக்கு விலையாகப் பிள்ளையைக் கொடுப்பது எவருக்கும் நெஞ்சை அடைக்கும் விஷயம் என்பதால்தான், அந்தக் கதையின் முடிவில் சீராளன் ஓடி வருகிறான். சிபிலின் நிலைமை வேறு. அவர் வாயைத் திறந்திருந்தால் அவர் மகள் அந்த வதையிலிருந்து தப்பியிருப்பாள், பாப்பானில் வேறு பல வீடுகளின் பிள்ளைகள் அப்பா அம்மாவை இழந்திருப்பார்கள். சொர்க்கத்தில் இடம்பிடிக்க அவர் மகளைப் பணயம் வைக்கவில்லை. அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்க மறுத்தார். அப்படியும் அந்தச் சிறுமி யாரிடமும் சம்மதம் சொல்லவில்லை என்ற உண்மை மாறாது. இதற்கு நியாயம் கண்டுபிடித்து மேடையில் முழங்குவது எளிது. எந்தப் பிரசங்கியாருக்கும் அந்தத் தகுதி இல்லை.

இன்னும் அருகில் வருவோம். 2017 பிப்ரவரி 13 காலை, பெட்டாலிங் ஜெயாவின் கெலானா ஜெயாவில், போதகர் ரேமண்ட் கோ சென்ற காரைக் கறுப்பு வாகனங்கள் மறித்தன. பட்டப்பகலில், பொதுச்சாலையில், ஒரு நிமிடத்துக்குள் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. 2004இல் அவர் தொடங்கிய ஹரப்பான் கொமுனிட்டி அமைப்பு எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் தனித்து வாழும் தாய்மார்களுக்கும் உதவி வந்தது. அவர் வலுக்கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்பட்டார், இதில் போலீஸின் சிறப்புப் பிரிவுக்குப் பங்கு உண்டு என்று மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 2019 ஏப்ரலில் முடிவு சொன்னது. 2025 நவம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், இதற்குப் போலீஸும் அரசும் பொறுப்பு என்று தீர்ப்பளித்து, அவர் இருக்குமிடம் தெரியும் வரை நாளொன்றுக்கு 10,000 ரிங்கிட் என்று இழப்பீட்டைக் கணக்கிடச் சொன்னது. பெர்லிசில் 2016இல் இதேபோல் காணாமல் போன அம்ரி சே மாட் ஒரு முஸ்லிம் என்பதால், இதை ஒரு மதத்தின் துயரமாக மட்டும் சுருக்க முடியாது.

எட்டு ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தவர் அவர் மனைவி சுசன்னா லியூ. கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், மனைவியா கைம்பெண்ணா என்று சொல்ல முடியாமல், மூன்று பிள்ளைகளோடு நின்றவர். விலை யாருக்கு என்ற கேள்விக்கு இதைவிட அப்பட்டமான பதில் இல்லை. சீடர் நேர்மையாகத் தன் பங்கைக் கட்டினாலும், மிச்சம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அந்த மிச்சத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் சபை என்ற ஒன்றே இருக்கிறது. தியாகத்தைப் புகழ்வதற்கு ஒரு மேடை போதும். தியாகியின் வீட்டு வாடகையைக் கட்ட ஒரு சமூகம் தேவைப்படுகிறது.

இங்கேதான் நம்முடைய சபைகள் தடுமாறுகின்றன. துப்பாக்கியும் தூக்குக்கயிறும் இல்லாத சாதாரண நாட்களில், பல சிறிய தமிழ்ச் சபைகளின் போதகர் வீட்டைப் பாருங்கள். ஊழிய அழைப்பு என்று தொழிற்சாலை மேற்பார்வையாளர் வேலையை விட்டவர். காணிக்கைப் பெட்டியில் விழுவதைப் பொறுத்து மாத வருமானம். ஊழியர் சேமநிதி கிடையாது, சொக்சோ சமூகப் பாதுகாப்பும் கிடையாது. அவர் மனைவி ஞாயிறு பள்ளி நடத்துகிறார், சமைக்கிறார், நோயாளிகளைப் பார்க்கப் போகிறார். ஒரு சென் சம்பளம் இல்லை. பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக் கட்டணத்துக்கு இழுத்துப் பிடிக்க, சபையில் கார் நிறுத்துமிடம் நிறைந்திருக்கிறது. விசுவாசத்தால் வாழ்கிறார்கள் என்று அதற்குப் பெயர் சூட்டப்படுகிறது. போதகர் மாரடைப்பில் போய்விட்டால், அந்தக் குடும்பம் சபை தந்த வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். அழைப்பு அவருக்கு வந்தது. வீட்டைக் காலி செய்யும் கடிதம் மனைவிக்கு வருகிறது.

இன்னொரு முனையில் செழிப்பு உபதேசம் நிற்கிறது. விதைத்தால் நூறு மடங்கு கிடைக்கும், தசமபாகத்தோடு சிறப்புக் காணிக்கையும் கொடுத்தால் கடன் தீரும் என்று சொல்லும் கூட்டங்கள் கிள்ளானிலும் உண்டு, ஷா ஆலமிலும் உண்டு. இங்கே விலை கட்டுபவர்கள் துப்புரவு வேலை செய்யும் அக்காக்களும் காவலாளி அண்ணன்களும். எதையும் துறக்காத ஒருவருக்காக ஏழைகள் துறக்கிறார்கள்.

விசுவாசத்தை இப்படிக் கணக்குப் பார்க்கலாமா, குடும்பத்தை நினைத்தால் யார்தான் சீடராவார் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்ற உவமையும், குடும்பத்தை வெறுப்பது பற்றிய அதே லூக்கா 14ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசு. கணக்குப் பார்த்துவிட்டுப் போகாதே என்று அவர் சொல்லவில்லை, பார்த்துவிட்டுப் போ என்றார். ஐரினும் போன்ஹோபரும் ஆபத்து தெரிந்தே போனவர்கள். மற்றவர் பெயரில் பற்று எழுதிவிட்டுப் போவதற்குத்தான் அந்த உவமையில் இடமில்லை.

கேட்காமல் மற்றவர் பெயரில் பற்று எழுதுவது மதத்தில் மட்டும் நடப்பதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் டெங்கிலைப் பாருங்கள். இன்று பிரதமர் அலுவலகம் நிற்கும் புத்ராஜெயா, ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டம். நகரம் எழும்புவதற்காக அதுவும் பக்கத்துத் தோட்டங்களும் காலி செய்யப்பட்டன. அங்கே பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் 1990களின் பிற்பகுதியில் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டன. பிறகு சுவர்கள் விரிந்தன. பாதுகாப்பான சொந்தத் தரை வீடு கேட்டு அந்தக் குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் போராடின. நாட்டின் பெருமைக்கான விலையை அவர்கள் கட்டினார்கள், அவர்களையும் யாரும் கேட்கவில்லை. இதே வட்டாரத்தில் விமான நிலையத்தை ஒட்டி ஒரு குடிநுழைவுத் தடுப்பு முகாமும் இருக்கிறது.

இப்படிப்பட்ட இடங்களில் செலவாகும் நேரமும் பணமும் நற்பெயரும்தான் இந்தப் பள்ளத்தாக்கின் கிறிஸ்தவர்களுக்கு இன்று முன்வைக்கப்படும் விலைப்பட்டியல். யாரும் துப்பாக்கி நீட்டப் போவதில்லை. குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் மனு எழுதித் தர ஓர் ஆள், வழக்கறிஞராக இருக்கும் சபை உறுப்பினரின் ஒரு சனிக்கிழமை, தடுப்பு முகாமில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தொலைபேசிச் செய்தி, கோயில் நிர்வாகத்தோடு சேர்ந்து நடத்தும் ஒரு டியூஷன் வகுப்பு. இவற்றில் மதமாற்றத் துண்டறிக்கை எதையும் சேர்க்காமல் இருப்பதும் விலையில் அடங்கும்.

சபைகளுக்குள் தொடங்க வேண்டியவை மூன்று. ஞானஸ்நான வகுப்பில் லூக்கா 14உடன் மாற்கு 7ஐயும் சேர்த்துப் படிப்பிப்பது, பெற்றோரின் முதுமைக்கும் ஈமச்சடங்குக்கும் என்ன செய்யப் போகிறாய் என்று புதியவரிடம் முன்கூட்டியே கேட்பது. முழுநேரப் போதகருக்குச் சேமநிதியும் சொக்சோவும் கட்டுவது, அதற்கு வழியில்லாத சின்னச் சபையாக இருந்தால் சுயதொழில் செய்பவர்களுக்கான ஐ-சாரான் திட்டத்திலாவது அவர் பெயரைப் பதிவது. போதகர் இறந்தால் அவர் குடும்பம் எத்தனை மாதம் அந்த வீட்டில் இருக்கலாம் என்பதை எழுத்தில் வைப்பது.

சங்கப் பதிவகத்தில் பதிவான சபைகள் ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் போட்டு, வரவுசெலவை உறுப்பினர் முன் வைக்க வேண்டும். பெரும்பாலான கூட்டங்களில் பொருளாளர் வாசிப்பார், ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், தேநீருக்குக் கலைவார்கள். அடுத்த கூட்டத்தில் ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் ஆன செலவைப் படித்து முடித்ததும், போதகரின் சேமநிதிக்கு எவ்வளவு, சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு எவ்வளவு என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்கட்டும். பதில் திருப்தி தராவிட்டால் கணக்கை வழிமொழிய மறுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.